கழுவாத வண்டி

நயினாருக்கு வண்டியின் முன்பக்கம் என்றால் பயம்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஐம்பத்து மூன்று வயதில் கார் கழுவும் ஷெட்டுக்கு வேலை கற்றுக்கொள்ள வந்தவர், காரின் முன்பக்கத்தைப் பார்க்கவே பயம் என்று எப்படிச் சொல்வார்? எந்த வண்டி வந்தாலும் பின்னாலிருந்துதான் தொடங்குவார். டிக்கி, பின்கண்ணாடி, பின்சக்கரம், கதவுகள். முன்பக்கத்துக்கு வந்ததும் கை வேகமெடுக்கும். பம்பரின் வலைக்குள் பூச்சி ஒட்டியிருக்கும், சருகு சிக்கியிருக்கும். எதையும் பார்க்காமல் கண்ணை ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஷெட் ஆலங்குளத்தைத் தாண்டி, தென்காசி சாலையில் இருந்தது. தகரக் கூரை, வண்டி ஏற்றும் ரேம்ப், ஒரு மோட்டார், இரண்டு தொட்டி. நடத்துகிறவர் ஜெபக்கனி என்ற பெண். நயினாரைவிடப் பதினேழு வயது இளையவர். வருகிறவர்கள் எல்லாம் மேஸ்திரி என்றார்கள். நயினாரும் அப்படியே கூப்பிட்டார். அவர் நயினாரை அண்ணே என்பார். வேலை சொல்லித்தருகிற நேரத்தில் மட்டும் அந்த அண்ணே வராது.

சொல்லித்தருவதும் ரொம்ப இல்லை.

"மேல இருந்து கீழ."

"ஏன் மேஸ்திரி?"

"அழுக்கு கீழதான் இறங்கும்."

"சக்கரத்துக்கு ஏன் தனித் துணி?"

"சக்கரத்துல இருக்க மணலு, கதவுல கோடு போடும்."

முதல் வாரத்திலேயே இன்னொன்றும் சொல்லியிருந்தார். "தண்ணியத் தொடுறதுக்கு முன்னால, கையக் கட்டிக்கிட்டு வண்டிய ஒரு சுத்து வாங்க."

"எதுக்கு? அழுக்கு வண்டின்னு பாத்த உடனே தெரியுதே."

"கழுவின பிறகு எல்லா வண்டியும் ஒண்ணு போலத்தான் இருக்கும்" என்றார் மேஸ்திரி.

நயினார் சொன்னபடி சுற்றி வந்தார். முன்பக்கம் வரும்போது மட்டும் வானத்தைப் பார்த்தார்.

செய்தித்தாள் விஷயத்திலும் அவரிடம் ஒரு கோளாறு இருந்தது. கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்த பிறகு செய்தித்தாளைக் கசக்கித் தேய்த்தால்தான் பளிங்கு மாதிரி வரும். உள்ளே எல்லாம் முடித்ததும் கால் வைக்கும் இடத்தில் பழைய தாளை விரிப்பதும் வழக்கம். நயினார் அந்தத் தாள்களைக் கண்ணால் பார்க்கமாட்டார். டீக்கடையில் வடையைக்கூட தாளில் வாங்காமல் வெறுங்கையில் வாங்கித் தின்பார். மேஸ்திரி எல்லாவற்றையும் கவனித்தார்.

ஒரு நாள் உரக்கடைக்காரர் ஒருவரின் கார் வந்தது. உள்ளே நாற்றம். அவர் கண்ணாடிக்குக் கீழே மூன்று வாசனைப் புட்டிகளைத் தொங்கவிட்டிருந்தார். நாற்றமும் வாசனையும் கலந்து குமட்டியது. நயினார் வேக்கம் கிளீனர் குழாயைப் பிடித்துக்கொண்டு மேலோட்டமாக உறிஞ்சினார். பிறகு, என்ன நினைத்தாரோ, கேட்டார்.

"மேஸ்திரி, பயம் வந்துட்டா அத எப்படிப் போக்குறது?"

மேஸ்திரி முன்சீட்டைப் பின்னால் தள்ளினார். தரை விரிப்பைப் பாதி உரித்தார். டார்ச்சை நயினார் கையில் கொடுத்தார்.

"உள்ள பாருங்க."

"கையுறை போட்டு நீங்களே எடுத்திரலாம்லா?"

"பாருங்க."

நயினார் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். சீட்டின் இரும்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு எலி செத்துக் காய்ந்து கிடந்தது. எலியைப் பார்த்த பிறகு அது எலி மட்டும்தான். அதற்கு முன்பு அந்த இருட்டுக்குள் என்னென்னவோ இருந்தது.

அவர் டார்ச்சை அணைத்துத் திருப்பிக் கொடுத்தார். மேஸ்திரி இடுக்கியைத் தேடப் போய்விட்டார்.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். ஆவணி முகூர்த்தம். காலை ஏழு மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வேகமாக வந்து ஷெட்டில் நின்றது. ஓட்டிவந்தவன் இருபத்தைந்து, இருபத்தாறு வயது இளைஞன். பட்டு வேட்டி. பின்சீட்டில் இரண்டு மாலைகளும் உதிரிப்பூக் கூடையும் இருந்தன. இறங்கியதும் சாவியை மேஸ்திரியின் கையில் திணித்தான்.

"அக்கா, அண்ணனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைய ஏத்தணும். வெளிய மட்டும் சீக்கிரமா அடிச்சுக் குடுங்க."

"உள்ள வேண்டாமா தம்பி? பூவெல்லாம் சிந்திக் கிடக்கு."

"வேண்டாம். முன்னால மட்டும் நல்லாப் பாருங்க. ஒரு நாய் குறுக்க விழுந்துட்டு."

அவன் பெயர் பிரதீப். அதைச் சொல்வதற்குள் மூன்று தடவை எச்சில் விழுங்கினான்.

மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்ற ஆரம்பித்தார். நயினார் வழக்கம்போலப் பின்னால் போனார். ஆனால் காற்று முன்பக்கமிருந்து அடித்தது. அதில் ஒரு மணம் வந்தது.

பச்சைப் பாலின் மணம்.

அவர் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டார். பார்க்கவே கூடாது என்று பதினோரு வருடம் காத்த கண் அன்றைக்கு ஏமாற்றிவிட்டது. இடதுபக்க விளக்கு உடைந்திருந்தது. அதற்குக் கீழே சக்கரத்து வளைவில் நீலப் பெயின்ட் ஒரு சாண் நீளத்துக்குத் தீற்றியிருந்தது. வெள்ளைக் காரின் மேல் பால் சிந்திக் காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஈக்களுக்குத் தெரிந்திருந்தது. பானெட் முழுக்க ஈ மொய்த்தது.

நயினாருக்குக் காது அடைத்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் வாடகைக் கார் ஓட்டினார். ஐப்பசி மாதம், சாயங்காலம், வைப்பர் தள்ளத் தள்ள மழை கொட்டியது. ஓர் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கைத் தாண்டும்போது இடதுபக்கம் 'டம்' என்று ஒரு சத்தம். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தார். ஒரு கறுப்புக் குடை தலைகீழாகச் சாலையில் உருண்டுகொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த ஆளைக் காணவில்லை. நயினாரின் கால் பிரேக்குக்குப் போகாமல் ஆக்ஸிலேட்டருக்குப் போனது. அடுத்த ஊரில் வண்டியை ஓரம் கட்டி, உடைந்த விளக்குக்குக் கீழே பம்பர் வலையில் சிக்கியிருந்த கறுப்புத் துணிக் கிழிசலைக் கையால் பிடுங்கிச் சாக்கடையில் போட்டார். பிறகு ஒரு வாட்டர் சர்வீஸுக்குப் போய், மாடு இடித்துவிட்டது என்று சொல்லிக் கழுவச் சொன்னார். கழுவியவன் எதுவும் கேட்கவில்லை. வண்டி பளபளவென்று வந்தது.

ஒரு மாதத்தில் ஓட்டுவதை விட்டார். கண் சரியில்லை என்று மனைவியிடம் சொன்னார். முதல் பத்து நாள் ஒவ்வொரு செய்தித்தாளாகப் பிரிக்கப் பயந்து பிரித்தார். பிறகு எந்தத் தாளையும் பார்ப்பதை விட்டார். செக்யூரிட்டி வேலை, குடோன் வேலை என்று எங்கெங்கோ அலைந்து, கடைசியில் கால்கள் அவரை ஒரு கார் கழுவும் இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தின. ஏன் அங்கே வந்தோம் என்று அவருக்கே தெரியாது.

இப்போது அதே இடதுபக்கம். அதே உடைந்த விளக்கு.

நயினார் யோசிக்கவில்லை. பிரஷர் கன்னை எடுத்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கழுவிவிட வேண்டும், உடனே கழுவிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்குள் வேறு எதுவும் இல்லை. விசையை அழுத்தினார். தண்ணீர் பானெட்டில் அறைந்தது. ஈக்கள் கலைந்தன. தரையில் வெள்ளையாக ஓடியது.

சட்டென்று தண்ணீர் நின்றது. மோட்டார் சத்தமும் நின்றது. மேஸ்திரி சுவிட்சில் கை வைத்தபடி நின்றிருந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றான் பிரதீப். "நேரம் ஆகுதுக்கா."

மேஸ்திரி தரையில் ஓடிய வெள்ளை நீரைப் பார்த்தார். நீலத் தீற்றலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"நாயா தம்பி?"

"நாய்தான்."

"நாய் பால் கொண்டு வந்துச்சா?"

பிரதீப்பின் முகம் சுண்டியது. பிறகு கோபம் வந்தது. "உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? கழுவ முடியும்னா கழுவுங்க. இல்லைன்னா சாவியக் குடுங்க. எங்க மாமா யாரு தெரியுமா?"

"தெரியாது. எந்த இடம்?"

"சாவியக் குடுங்கன்னு சொல்லுதேன்."

"இறங்கிப் பாத்தீங்களா?"

அவன் கல்யாண வேட்டியின் கரையைப் பிடித்துப் பிசைந்தான்.

"பாக்கலக்கா" என்றான். குரல் சின்னப் பிள்ளையின் குரலாக மாறிவிட்டது. "பயமா இருந்துது. வந்துட்டேன்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணி. கொஞ்சம் கூட இருக்கும். வேங்கைக்குளம் வளைவுல."

மேஸ்திரி சாவியை நயினாரிடம் நீட்டினார்.

"அண்ணே, முன்னால வண்டி ஓட்டுனேன்னு சொன்னீங்கல்லா, நீங்க ஓட்டுங்க."

நயினார் பின்னால் நகர்ந்தார். தொட்டியின் விளிம்பு இடுப்பில் இடித்தது. "மேஸ்திரி, நான் ஓட்டி வருசக்கணக்காச்சு. என்னால ஆகாது. நூத்தியெட்டுக்குப் போன் பண்ணிருவோம். அவங்க பாத்துக்கிடுவாங்க."

"பண்ணிட்டே போவோம். வளைவுல எந்தப் பக்கம் கிடக்காருன்னு அவங்களுக்கு யாரு காட்டுறது? எனக்கு ஷெட்டுக்குள்ள ஏத்தி இறக்கத்தான் தெரியும். இந்தத் தம்பி கையப் பாருங்க."

பிரதீப்பின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நயினார் தன் கைகளைப் பார்த்தார். அவையும் அப்படித்தான் இருந்தன. மேஸ்திரி நீட்டிய சாவி மட்டும் அசையாமல் இருந்தது. வாங்காமல் இருக்க அவருக்குத் தைரியம் இல்லை. அதனால் வாங்கினார்.

ஒன்பது கிலோமீட்டர். நயினாருக்கு அது முடியாத தூரமாக இருந்தது. கிளட்சில் கால் துள்ளியது. எதிரே வருகிற ஒவ்வொரு சைக்கிளும் தன் மேல் வந்து விழப்போவதாகத் தோன்றியது. பக்கத்தில் மேஸ்திரி போனில் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் மாலைகளுக்கு நடுவே உட்கார்ந்து பிரதீப் முணுமுணுத்தான். "நாயா இருக்கணும் சாமி, நாயா இருக்கணும்."

நயினாரும் மனதுக்குள் அதையே சொன்னார். அவர் எந்த நாளுக்காகச் சொன்னார் என்று அவருக்கே குழம்பியது.

வேங்கைக்குளம் வளைவில் சாலை காலியாக இருந்தது. விளக்குக் கண்ணாடிச் சில்லுகள் வெயிலில் மினுங்கின. தார் மேல் பெரிய வட்டமாகப் பால் கொட்டி, ஓரம் காய ஆரம்பித்திருந்தது. இரண்டு நாய்கள் அதை நக்கிக்கொண்டிருந்தன.

"அந்தா பாருங்க, நாய்" என்று பிரதீப் கத்தினான். "நாய்தான்க்கா. நான் சொன்னேன்லா. உயிரோட இருக்கு."

ஒரு கணம் நயினார் அவனை நம்பினார். அழுகை வரும் அளவுக்கு நம்பினார். வண்டியைத் திருப்பிவிடலாம், போய்விடலாம் என்று கை கியரைத் தேடியது.

மேஸ்திரி இறங்கிச் சாலையோரம் போய் நின்றார். கீழே சரிவு. சரிவு முழுக்கக் கருவேலம். அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு திரும்பினார்.

"தம்பி, இறங்கிப் போய்ப் பாருங்க."

பிரதீப் கதவைத் திறந்தான். ஒரு காலைத் தரையில் வைத்தான். அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"முடியலக்கா. செத்துக் கிடந்தா என்ன செய்ய?"

மேஸ்திரி அடுத்து நயினாரைப் பார்த்தார்.

நயினார் சரிவில் இறங்கினார். முள் சட்டையைப் பிடித்து இழுத்தது. செருப்பு ஒன்று கழன்று கீழே உருண்டது. அதைத் தேடவில்லை. முதலில் நீலச் சைக்கிள் தெரிந்தது. சக்கரம் எட்டு மாதிரி வளைந்திருந்தது. அப்புறம் நசுங்கிய பால் கேன். அதற்கு அப்பால் ஒரு பாதம், வெறும் பாதம், தப்பான பக்கம் திரும்பியிருந்தது. நயினார் அங்கேயே நின்றார். இனி ஓர் அடி எடுத்து வைத்தால் முகம் தெரியும். பதினோரு வருடமாக அவர் கனவில் வந்த ஆளுக்கு முகம் கிடையாது. குடை மட்டும்தான்.

"யாரு?" என்றது ஒரு குரல்.

நயினார் ஓடினார்.

அறுபது வயதுப் பெரியவர். நெற்றியில் அடி, கால் ஒடிந்திருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கண் திறந்திருந்தது. நயினார் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலைக்கு நிழல் வருமாறு குனிந்துகொண்டார். தூக்க வேண்டாம், ஆம்புலன்ஸ்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று மேலிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார்.

"கூப்பிட்டேன் ஐயா" என்றார் பெரியவர். "மேல நாலு வண்டி போச்சு. கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன். ஒருத்தனும் நிக்கல."

"இந்தா வந்துட்டோம். ஆஸ்பத்திரி வண்டி வந்துக்கிட்டிருக்கு. உங்க பேரு என்ன?"

"சிவனணைந்தான். பால் போச்சா எல்லாம்?"

"போச்சு. போகட்டும்."

பெரியவர் நயினாரின் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் இன்னும் பலம் இருந்தது. மேலே சாலையோரம் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தார். பிறகு நயினாரின் முகத்தைப் பார்த்தார்.

"நீதான் இடிச்சியா?"

இல்லை என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நயினார் அந்தக் கண்களை விட்டு விலகப் பார்த்தார், முடியவில்லை. உதடு அசைந்தது. 'ஆமா' என்பது தொண்டை வரை வந்து நின்றது.

முள் முறியும் சத்தம் கேட்டது. பிரதீப் உட்கார்ந்தபடியே சரிவில் சறுக்கி வந்துகொண்டிருந்தான். பட்டு வேட்டி முள்ளில் கிழிந்து தொங்கியது. பெரியவரின் கால்மாட்டில் வந்து விழுந்தான்.

"நான்தான் ஐயா. அவரு இல்ல. நான்தான் இடிச்சேன். நிக்காமப் போயிட்டேன்."

பெரியவர் அவனை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நயினார் நினைத்தார்.

"வந்துட்டேல்லா" என்றார் பெரியவர். கண்ணை மூடிக்கொண்டார். நயினாரின் மணிக்கட்டை மட்டும் விடவில்லை. ஆம்புலன்ஸ் வருகிற வரை நயினார் அந்த மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றுக்கும் அடுத்தது வருமா என்று பயந்தார். அடுத்தது வந்தது.

மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வந்து சொன்னார். தொடை எலும்பு முறிவு, விலாவில் இரண்டு. பிழைத்துக்கொள்வார், இன்னும் ஒரு மணி நேரம் கிடந்திருந்தால் சொல்ல முடியாது. பெரியவரின் மகள் சுவரில் சாய்ந்து அழுதாள். போலீஸ்காரர் கேட்ட எல்லாவற்றுக்கும் பிரதீப் ஒளிக்காமல் பதில் சொன்னான். அவன் வீட்டிலிருந்து யார் யாரோ வந்து, மாமாவும் வந்து, தனியாகக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. கார், மிச்சமிருந்த பால் கறையும் நீலத் தீற்றலுமாக, காவல் நிலையத்துக்குப் போயிற்று. அண்ணன் வேறு ஒரு வண்டியில் மண்டபத்துக்குப் போனானாம்.

மேஸ்திரியும் நயினாரும் டவுன் பஸ்ஸில் ஷெட்டுக்குத் திரும்பினார்கள். நயினாரின் மணிக்கட்டில் விரல் பதிந்த தடம் சிவந்திருந்தது. அவர் காலில் ஒற்றைச் செருப்பு.

ஷெட்டில் சிவப்புக் கார் ஒன்று காத்து நின்றது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருடையது. உள்ளும் வெளியும் செய்ய வேண்டும், சாயங்காலம் வருகிறேன் என்று சீட்டெழுதிச் சாவியோடு ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். மேஸ்திரி மிதியடிகளை வெளியே எடுத்து உதறினார். நயினார் வாளியில் ஷாம்புவைக் கலக்கினார். நுரை எழும்பியது. அவர் கலக்கிக்கொண்டே இருந்தார். வாளி வழிந்து காலில் கொட்டியது.

"அண்ணே" என்றார் மேஸ்திரி.

நயினார் கலக்குவதை நிறுத்தினார். வாளியைப் பார்த்தபடியே பேசினார்.

"அவரு நீதான் இடிச்சியான்னு கேட்டாருலா. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல மேஸ்திரி."

மேஸ்திரி மிதியடியைக் கொடியில் போட்டார்.

"ஏன்னா நானும் இடிச்சிருக்கேன். மழையில. நிக்கல. கழுவிட்டேன்."

அதைச் சொன்னதும் நயினார் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மேஸ்திரி விலகிப் போய்விடுவார், இனி இந்தப் பக்கம் வராதே என்பார், போலீஸைக் கூப்பிடுவார் என்று எல்லாம் நினைத்தார். மேஸ்திரி வந்து எதிரே, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"யாரு?"

"தெரியாது. குடையத்தான் பாத்தேன். ஆளப் பாக்கல. ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாது. குழந்தையா இருந்தாலும் எனக்குத் தெரியாது. செத்தாங்களா, எந்திரிச்சி வீட்டுக்குப் போனாங்களா, ஒண்ணுமே தெரியாது."

"வீட்டுல தெரியுமா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. இப்பம் உங்களுக்குத்தான்."

சாலையில் ஒரு லாரி போயிற்று. தகரக் கூரை அதிர்ந்து அடங்கியது.

"எந்த இடம்?" என்றார் மேஸ்திரி.

நயினார் சொல்லமாட்டார் போலிருந்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ் வந்தால்கூட அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் மேஸ்திரி எழவில்லை. அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

"கயத்தாறுக்கு வடக்க" என்றார் நயினார். "இலந்தைவிளை விலக்கு."

"காலையில முத பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

நயினார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அங்கயா? என்னத்துக்கு? கொன்னுருவாங்க மேஸ்திரி. இல்லைன்னா ஜெயில்ல போடுவாங்க."

"நானும் வாரேன்."

"பதினோரு வருசம் ஆச்சு. ரோடே மாறியிருக்கும். பேரும் தெரியாது, முகமும் தெரியாது. இப்பம் அங்க போயி யாரப் பாக்க?"

மேஸ்திரி எழுந்து சேலையை உதறிக்கொண்டார்.

"இன்னைக்கிக் காலையில, யாரப் பாக்கப் போறோம்னு தெரிஞ்சா போனோம்?"